மாமாங்கத்திலிருந்து ரொஸ்மீட் பிளேஸுக்கு

ஆன் ரணசிங்ஹ என்ற பெயரைக் கேட்டால் சிங்களக் குடும்பமொன்றில் பிறந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் 1925 ஒக்டோபரில் ஜேர்மனியின் எஸன் நகரில், காட்ஸ் என்ற யூதக் குடும்பத்தில் அன்னலீஸ் என்ற பெயரோடு பிறந்தவர். பதின்மூன்று வயதில் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே தாதித் தொழில் படித்து, இலங்கை வைத்தியர் ஒருவரை மணந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தார். 2016 டிசெம்பரில் கண்மூடும்வரை கொழும்புதான் அவருடைய ஊர். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1983 ஜூலையில் எங்கள் தமிழ்ச் சனங்களுக்கு நடந்ததைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் படித்த நாளிலிருந்து, அவர் குடியிருந்த வீதியை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அமிர்தகழியில் இருக்கிற ஒருத்திக்கு இதில் என்ன அக்கறை? எங்கள் ஊர் மட்டக்களப்பு நகரத்தின் வடக்கு ஓரத்தில், மாமாங்கேஸ்வரர் கோயிலையும் தீர்த்தக் குளத்தையும் நடுவில் வைத்து, வாவியை ஒட்டிக் கிடக்கிறது. 1990 செப்டெம்பரில் அயலூர்களான சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி சனங்களை ஒரே இரவில் கூட்டிக்கொண்டுபோய்க் கொன்றார்கள். 2004 டிசெம்பரில் கடல் ஏறி வந்து நாவலடியையும் டச் பாரையும் துடைத்துவிட்டுப் போனது. மிஞ்சியவர்களில் பலர் திராய்மடுவில் புது வீடுகளுக்குக் குடிபோனார்கள். யாரோ கட்டிக்கொடுத்த வீட்டில், யாரோ தந்த சட்டியில், முதல் நாள் சோறு எப்படி வெந்தது என்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வீடு கிடைத்தபிறகுதான் குடியேறுகிற வேலையே தொடங்கும் என்பது அவர்களைக் கேட்டு நான் தெரிந்துகொண்டது. எஸனிலிருந்து வந்தவருக்கு அந்த வேலை எப்படி நடந்தது என்பதே என் கேள்வி.

கொழும்புக்கு இரவு ரயில் எடுத்தேன். பெரியவர்கள் இன்னும் கோச்சி என்றுதான் சொல்கிறார்கள். ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் ஏறினார்கள். சண்டைக் காலத்தில் வருஷக்கணக்காக மட்டக்களப்பை எட்டிப் பாராத ரயில் இது. வெள்ளவத்தையில் தங்கிச் சட்டம் படிக்கும் அக்காவின் மகளுக்காக என் காலடியில் ஒரு ரிஜிபோம் பெட்டி. அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் வாவி நண்டும் இறாலும், மேலே ஒரு கொடுவாய் மீன்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. யூத முறைப்படி சமைக்கிற வீட்டில் அந்தப் பெட்டியிலிருந்து கொடுவாய் மட்டும்தான் உலைக்குப் போகும். துடுப்பும் செதிளும் இரண்டும் உள்ள மீனையே அவர்களுடைய வேதம் அனுமதிக்கிறது. நண்டு விலக்கு, இறால் விலக்கு, கணவாய் விலக்கு, செதிள் இல்லாத கெளுத்தியும் விலக்கு. இறைச்சியைப் பாலோடு சேர்க்கக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆனால் தேங்காய்ப்பாலுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் கொச்சியில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்களால் எங்களைப் போலவே தேங்காய்ப்பால் விட்டு இறைச்சிக் கறி வைக்க முடிந்தது. புதிய ஊரில் எது ஒத்துப்போகும், எதை விடவேண்டிவரும் என்ற கணக்கு முதலில் அடுப்படியில்தான் போடப்படுகிறது. கொச்சியில் ஆலயம் இருந்தது, கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் இருந்தார்கள், பிள்ளைகளுக்கு மணமுடிக்க உறவுகள் இருந்தன. கொழும்புக்குத் தனியே வந்து இறங்கியவர்களுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

இலங்கைக்கு யூதர்கள் புதியவர்கள் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீஸி, இந்தத் தீவின் அரசனுக்கு பதினாறு அமைச்சர்கள் என்றும் அவர்களில் நால்வர் யூதர் என்றும் எழுதிவைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோத்சைல்ட் குடும்பத்துப் பெண்ணின் பிள்ளைகளான மொரிஸ், கேப்ரியல் டி வோம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் கோப்பித் தோட்டம் போட்டு அதற்கு ரோத்சைல்ட் என்றே பெயர் வைத்தார்கள். அவர்கள் முதல் போட வந்தவர்கள், காலம் முடிந்ததும் போய்விட்டார்கள். என் மனம் போனது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பக்கம்.

கோட்டையில் விடிந்தது. நண்டுப் பெட்டியை வெள்ளவத்தையில் ஒப்படைத்துவிட்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு கறுவாத்தோட்டத்துக்குப் போனேன். முதலில் பிளவர் ரோட். இப்போது அதன் பெயர் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா மாவத்தை. அவர் கட்டிய சிறிமதிபாய மாளிகையில் இன்று பிரதமர் அலுவலகம் இயங்குகிறது. வாசலில் காவல் இருப்பதால் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுதான் பார்க்கலாம். உயர்ந்த மதில், அதற்கு மேலே மரங்கள். இந்தச் செல்வந்தரின் குடும்பம்தான் ஸோபி பெனிகர் என்ற யூதத் தாய்க்கு ஆதரவு கொடுத்தது.

அந்தத் தாயின் கதையைச் சொல்லவேண்டும். ஜேர்மனியின் ஹனாவ் நகரைச் சேர்ந்தவர்கள். ஒரே மகன் ஸீக்மண்ட் 1936 இல் இலங்கைக்கு வந்து பௌத்த துறவியானார், ஞானபோனிக என்று பெயர் பெற்றார். தாயை வியன்னாவில் பாதுகாப்பாக விட்டுவிட்டே அவர் கப்பலேறினார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை அங்கேயும் வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் பிரான்ஸின் ஏவியனில் முப்பத்திரண்டு நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. ஏறக்குறைய எல்லா நாடுகளும் கதவைச் சாத்தின. மகன் அலைந்து திரிந்து, டி சில்வாவின் உதவியோடு 1939 இல் தாயையும் உறவினர் சிலரையும் கொழும்புக்கு எடுப்பித்தார். வந்து சேர்ந்த கையோடு போர் மூண்டது. ஜேர்மனியர் என்பதால் பிரித்தானிய அரசு மகனைப் பிடித்துத் தியத்தலாவை முகாமிலும், பிறகு வட இந்தியாவில் டேராடூனிலும் 1946 வரை அடைத்துவைத்தது. யூதர் என்று ஜேர்மனியில் இருக்கமுடியாதவர், ஜேர்மனியர் என்று இங்கே சிறைப்பட்டார். மகனை நம்பிக் கடல் கடந்த தாய், மகன் இல்லாத ஊரில், தெரியாத பாஷைக்கு நடுவில், அந்த ஆண்டுகளைக் கடத்தினார். அவரைத் தாங்கிய வீட்டாரின் பழக்கம் மெல்ல அவருக்குள் இறங்கியது. பௌத்தத்தைத் தழுவினார். 1956 இல் கொழும்பிலேயே காலமானார்.

"முகாம்ல பிள்ள, வெளியில தாய்" என்றாள் மருமகள். "இது எங்கட ஊர்க் கதை மாதிரியே இரிக்கே சித்தி." நான் பதில் சொல்லவில்லை. பூஸா முகாமுக்கும் வெலிக்கடைச் சிறைக்கும் அலைந்த தாய்மாரை அவளுக்கும் தெரியும்.

அதே காலத்தில் கொழும்புக்கு வந்த இன்னும் இருவரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புடாபெஸ்ட்டில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எடித் ஜெம்ரொய் 1938 இல் வந்தார். கூட வந்த கணவர் இங்கே இறந்துபோனார். ஹங்கேரியில் விட்டுவந்த மகனைப் போர் தின்றுவிட்டது. அவர் கொழும்பில் உளச்சிகிச்சை செய்தார், பாளி இலக்கியம் படித்து ஆய்வு எழுதினார், ஆங்கிலப் பேராசிரியர் லுடொவைக்கை மணந்தார், பெண்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். வியன்னாவின் ஹெடி ஸைமன், கேம்பிரிட்ஜில் உடன் படித்த பீற்றர் கெனமனை மணந்து 1940 இல் வந்தார். இங்கே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், இடதுசாரி மேடைகளில் நின்றார். இருவரும் பின்னால் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். வந்த இடத்தின் சச்சரவுகளுக்குள் இவ்வளவு சீக்கிரம் இறங்கிய இந்தப் பெண்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது. நாடிழந்து வந்தவர் வாய் திறக்காமல் ஓர் ஓரமாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் அதற்குக் கட்டுப்படவில்லை.

மறுநாள் காலை தெற்குக் கரையோர ரயிலில் தொடந்தூவ போனேன். ஞானபோனிக துறவு பூண்டது அங்கே, ரத்கம வாவியின் நடுவில் உள்ள பொல்கஸ்துவ தீவில். ஜேர்மனியிலிருந்து வந்த ஞானதிலோக தேரர் 1911 இல் அமைத்த ஆசிரமம் அது. முன்கூட்டி அனுமதி பெறாமல் யாரும் போவதில்லை, நானும் கரையோடு நின்றுகொண்டேன். வாவிக்காரிக்கு இன்னொரு வாவியைப் பார்த்தால் கண் தானாக அளவெடுக்கும். எங்களுடையதைவிட மிகச் சிறியது, ஆனால் ஓரமெல்லாம் அதே கண்டல், அதே சேற்று மணம், வலை உதறுகிற அதே சத்தம். தீவு பச்சைத் திட்டாகத் தெரிந்தது. ஹனாவில் பிறந்து, புத்தகக்கடைகளில் வேலை பார்த்த ஒரு யூத இளைஞன் இந்தத் தண்ணீரைத் தாண்டிப்போய்க் காவி உடுத்தான். போர் முடிந்து இலங்கைக்கே திரும்பி, 1951 இல் இந்நாட்டுப் பிரஜையானார். 1958 இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1994 இல் இறக்கும்வரை கண்டிக் காட்டிலேயே இருந்தார்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகுதான் ஆன் குடியிருந்த ரொஸ்மீட் பிளேஸ். கின்ஸி வீதியில் டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஒரு குடும்பம் முழுதும் தாயையும் பிள்ளையையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ரொஸ்மீட் பிளேஸ் பிரிகிறது. பழைய மரங்கள், பழைய பெரிய வீடுகள், இடையிடையே தூதரகப் பலகைகள். 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க தன் வீட்டு விறாந்தையில் சுடப்பட்டது இந்த வீதியில்தான். அந்த வீடு இன்று ஹோட்டல். ஆன் குடும்பத்தின் வீட்டைத் தேடிப் படலை தட்டுவது என் நோக்கமாக இருக்கவில்லை. இன்று அதற்குள் வாழ்கிறவர்களைத் தொந்தரவு செய்ய எனக்கு உரிமை இல்லை. வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தோம், திரும்பி வந்தோம்.

கணவர் பேராசிரியர் டி. ஏ. ரணசிங்ஹ மகப்பேற்று நிபுணர். அவருக்கு முதல் மணத்தில் மூன்று பிள்ளைகள். இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்த ஆன் வந்ததும் வராததுமாக மூன்று பேருக்குத் தாயானார். பிறகு நாலு பிள்ளைகள் பெற்றார். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நாள் எப்படி விடிந்து எப்படி முடியும் என்று நான் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இரவு பகல் பார்க்காமல் பிரசவத்துக்கு ஓடுகிற கணவர், சிங்களம் பேசுகிற சுற்றம், வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றக் கூட நிற்க ஒரு யூத அயல் இல்லாத நகரம். இதற்கெல்லாம் கீழே இன்னொன்று கிடந்தது. தந்தையையும் தாயையும் லொட்ஸ் சேரிக்கு நாடுகடத்தி, 1944 இல் ஹெல்ம்னோவில் கொன்றிருந்தார்கள். ஆனுக்கு அவர்கள் புதைந்த இடம் என்று ஒன்று இல்லை.

வெகுகாலம் அவர் அதைப்பற்றி எழுதவில்லை. பிள்ளைகள் வளர்ந்தபிறகு, நாற்பது வயதைத் தாண்டி, கொழும்பில் இதழியல் படித்தார். முதல் கவிதைத் தொகுதி 1971 இல் வந்தது. எழுதத் தொடங்கியபோது இரண்டு ஊர்களும் சேர்ந்தே வந்தன. கொழும்பிலிருந்து அவுஷ்விட்ஸைப் பார்த்து எழுதிய கவிதை அவருடைய பெயர்பெற்ற கவிதைகளில் ஒன்று. இங்கத்தைய வெயிலும் வேலியும் மரமும் உள்ள தோட்டத்திலிருந்து அங்கத்தைய சாம்பலைப் பார்க்கிறார். அவர் இந்த ஊரில் உண்மையாகவே குடியேறியது அந்த எழுத்தில்தான் என்பது என் எண்ணம். பழையதை மறந்தால்தான் புதிய இடத்தில் காலூன்றலாம் என்று திராய்மடுவிலும் பலர் புத்தி சொன்னார்கள். ஆன் மறக்கவில்லை, இங்கே நின்றுகொண்டே நினைத்தார்.

ரொஸ்மீட் பிளேஸிலிருந்து பொரளைக் கனத்தை மயானத்துக்கு நடந்தே போகலாம். நாங்கள் நடந்தோம். 1983 ஜூலை 24 ஆம் திகதி இரவு, திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று இராணுவத்தினரின் உடல்களை எதிர்பார்த்துக் கூட்டம் கூடியது இங்கே. இங்கிருந்துதான் தீ புறப்பட்டது. பொரளைக் கடைகள், பிறகு நகரம், பிறகு நாடு. ஆனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. 1938 நவம்பரில் எஸன் யூத ஆலயம் எரிந்ததைப் பதின்மூன்று வயதில் கண்ணால் கண்டவர். பார்த்துக்கொண்டு நின்ற அயலவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது எரிவது அடுத்தவர் வீடு, பார்த்துக்கொண்டிருப்பவர்களில் தானும் ஒருத்தி. அந்தக் கவிதை இந்த இடத்தில்தான் நிற்கிறது. தன்னையும் சேர்த்தே அது கேள்வி கேட்கிறது. எங்களுக்காக எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். தன் ஊரில் எரிந்ததும் இங்கே எரிந்ததும் ஒரே தீ என்று, இரண்டையும் பார்த்த கண்ணால் சொன்னவர் இவர். தமிழ் வாசகர்களிடம் அவர் பெயர் இன்னும் போதிய அளவு புழங்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் தெற்காசிய வெளியீட்டு வேலையைச் செய்தவர். 1983 அந்த ஆண்டுகளின் நடுவில் வந்தது.

கனத்தையின் மதிலோரம் பூக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு மர நிழலில் நின்று இறந்தவர்களைப் பற்றிப் பேசினோம். யூதர்கள் பெற்றோரின் நினைவு நாளில் விளக்கேற்றிக் கதீஷ் என்ற பிரார்த்தனை சொல்வார்கள். முகாம்களில் கொல்லப்பட்டவர்களுக்கு நாள் தெரியாது. அதற்காகத் தங்கள் நாட்காட்டியில் தேவேத் மாதம் பத்தாம் நாளைப் பொது நாளாக இஸ்ரேலின் குருமார் பீடம் குறித்தது. நாள் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அன்று கதீஷ். எங்கள் மாமாங்கத்தில் ஆடி அமாவாசை தீர்த்தத்துக்கு வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தகப்பனுக்கு விரதம் இருக்கிறவர்களோடு, 1990 இல் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாத மகனுக்காக, கணவனுக்காக வருகிறவர்களும் குளத்தில் இறங்குகிறார்கள். அவர்களுக்குத் திதி தெரியாது. சிலர் திதி கொடுக்க மறுக்கிறார்கள், ஆள் உயிரோடு இருக்கிறார் என்கிறார்கள். படிக்கட்டில் இருந்துவிட்டு எழும்பிப் போவார்கள்.

அன்று மாலை மருமகள் நூலகத்திலிருந்து ஆன் எழுதிய தொகுதி ஒன்றை எடுத்துவந்தாள். ஜூலைக் கவிதையைச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் கேட்டாள், "அவங்க ஏன் சித்தி திரும்பவும் வெளிக்கிட்டுப் போகல்ல?"

அவர் போகவில்லை. அதற்குப் பிறகும் முப்பத்துமூன்று ஆண்டுகள் இந்த நகரத்திலேயே இருந்தார். போனவர்கள் நாங்கள். அந்த ஜூலைக்குப் பின் ஜேர்மனிக்குப் போன எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெருந்தொகையினர் எஸன் நகரம் இருக்கிற அதே நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் குடியேறினார்கள். அங்கே ஹம் நகரில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. என் சின்ன மச்சாளும் அப்படிப் போனவள்தான், குடும்பத்தோடு எஸனில் இருக்கிறாள். குளிருக்குப் பழகியது, புட்டுக்கு மா தேடியது, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களை அகராதி வைத்துப் படித்தது எல்லாம் அவள் வாயால் கேட்டிருக்கிறேன்.

அவளுக்குப் போன் எடுத்தேன். எஸனின் பழைய யூத ஆலயம் 1913 இல் கட்டியது, 1938 நவம்பரின் அந்த இரவு உள்ளே எல்லாம் எரிந்தும் கற்சுவரும் குவிமாடமும் தப்பின, இப்போது யூதப் பண்பாட்டு இல்லமாக இருக்கிறது. பார்த்திருக்கிறாளா என்று கேட்டேன். "டவுனுக்குப் போற வழிதானே மச்சாள், வாரத்தில ரெண்டு தரம் பாக்கிறன்" என்றாள். "உள்ளுக்குப் போனதில்ல. மகன் பள்ளிக்கூடத்தோட போனவன்."

அவன் எஸனில் பிறந்த பிள்ளை, மேல் வகுப்பில் படிக்கிறான். கவிதையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன், எழுதியவர் உன் ஊர்க்காரர் என்று ஒரு வரியும் சேர்த்து. விடியுமுன் அவனிடமிருந்து இரண்டு கேள்வி வந்திருந்தது. கனத்தை எங்கே இருக்கிறது? அம்மாவின் குடும்பம் அந்த ஜூலையில் எங்கே இருந்தது? முதல் கேள்விக்கு வழியெல்லாம் விளக்கிப் பதில் எழுதினேன். இரண்டாவதை அம்மாவிடமே கேட்கச் சொன்னேன்.